மதுரை மாவட்ட உடற்கல்வி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்: நம் பையன்களின் தோளுக்கு விலை பேச வருகிறார்கள்

சக உடற்கல்வி ஆசிரியர்களுக்கு வணக்கம்.

அமெரிக்க பேஸ்பால் அணிகளுக்குப் பையன்களைத் தேர்ந்தெடுத்து அனுப்புகிறோம் என்று சொல்லிக்கொண்டு நம் பக்கம் ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். வருகிறவர்களில் உண்மையானவர் யார், அணியின் பெயரைச் சொல்லிப் பிழைக்கிறவர் யார் என்று பிரித்துச் சொல்ல நான் இதை எழுதவில்லை. இரண்டு வகை ஆட்களும் முதலில் வந்து நிற்பது நம்முடைய பி.இ.டி. அறை வாசலில்தான். எந்தப் பையன் தூரமாக எறிவான், அவனுக்கு என்ன வயசு, அப்பா ஊரில் இருக்கிறாரா, கேரளாவில் கூலிக்குப் போயிருக்கிறாரா, அந்த வீட்டில் யார் பேச்சு எடுபடும் என்பதெல்லாம் நமக்குத் தெரியும். நமக்குத் தெரியும் என்பது அவர்களுக்கும் தெரியும். அதனால்தான் அணிகளுக்கோ அமைச்சருக்கோ எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

சென்ற கோடையில் திருமங்கலம் பக்கம் வற்றிய கண்மாய்க்குள் நடந்த டென்னிஸ் பந்து டோர்னமென்ட்டுக்குப் போயிருந்தேன். வேகம் அளக்கும் கருவியோடு இரண்டு பேர் நின்றார்கள். சிக்ஸர் அடித்தவனையும் பார்க்கவில்லை, விக்கெட் எடுத்தவனையும் பார்க்கவில்லை. பவுண்டரியிலிருந்து ஒரே எறியில் கீப்பர் கைக்குப் பந்தைச் சேர்த்த ஒரு பத்தாம் வகுப்புப் பையனை ஆட்டம் முடிந்ததும் தனியே கூப்பிட்டார்கள். சிவப்புத் தையல் போட்ட வெள்ளைப் பந்தைக் கையில் கொடுத்து எறியச் சொன்னார்கள். அன்றைக்குக் காலையிலிருந்து இரண்டு ஆட்டம் ஆடியிருந்த பையன் அவன். "இன்னொண்ணு, இன்னும் வேகமா" என்று சொல்லச் சொல்ல எறிந்துகொண்டே இருந்தான். ஒவ்வொரு எறிக்கும் பிறகு வலது முழங்கையின் உள்பக்கத்தை இடது கட்டைவிரலால் அழுத்திவிட்டுக்கொண்டான். நான் போய் நிறுத்தினேன். நான் யாரென்று கேட்டுத் தெரிந்துகொண்டதும் அந்த இருவரில் ஒருவர் என்னை ஓரமாக அழைத்துக் கேட்ட முதல் கேள்வி இது: "அவங்க வீட்ல கடன் கிடன் இருக்கா சார்?" அடுத்துச் சொன்னது: "உங்களுக்கும் பார்த்துச் செஞ்சிர்றோம்."

அந்த இரண்டு பேச்சையும் சேர்த்துப் பாருங்கள். இந்தத் தொழில் தப்பாக நடக்கும் இடங்களில் எப்படி நடக்குமோ, அது முழுக்க அதற்குள் இருக்கிறது.

பேஸ்பால் மேல் எனக்குக் கோபம் இல்லை. நல்ல ஆட்டம். 2028-ல் லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் கிரிக்கெட்டோடு சேர்ந்து அதுவும் திரும்ப வருகிறது. இந்தியாவிலிருந்து போனவர்களின் கதையும் புதிதில்லை. 2008-ல் நம் நாட்டில் நடந்த ஒரு தொலைக்காட்சிப் போட்டியில் பல்லாயிரம் பேர் எறிந்து பார்த்ததில் உத்தரப் பிரதேசத்து ரிங்கு சிங்கும் (கிரிக்கெட் ரிங்கு சிங் வேறு ஆள்) தினேஷ் படேலும் தேறினார்கள். இரண்டு பேருமே ஈட்டி எறிகிறவர்கள். அதுவரை பேஸ்பாலைக் கண்ணால் பார்த்திராதவர்கள். சில மாதப் பயிற்சிக்குப் பிறகு அதே ஆண்டு நவம்பரில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி இருவரோடும் ஒப்பந்தம் போட்டது. படேலை 2010-ல் அணி விடுவித்தது. ரிங்கு இன்னும் சில ஆண்டு கீழ்நிலை லீகுகளில் ஆடினார், பிறகு கைக் காயம் விடவில்லை. கடைசியில் மல்யுத்த நிகழ்ச்சிக்குப் போய்விட்டார். அமெரிக்க பேஸ்பாலின் உச்ச நிலையான மேஜர் லீகில் இருவரில் ஒருவரும் வீசவில்லை. ஆனாலும் அவர்கள் ஏமாந்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஒப்பந்தம் போடும்போது ஒருவருக்கு 20 வயது, இன்னொருவருக்கு 19. விளையாட்டு விடுதியில் வளர்ந்து, தங்களுக்கு எது நல்லது என்று யோசிக்கும் வயதில் போனவர்கள். எனக்குக் கவலை பதினான்கு வயதுப் பையனைப் பற்றி.

ஏன் எறிகிறவனைத் தேடுகிறார்கள் என்பதை நாம் புரிந்துகொள்ள வேண்டும். மட்டையடிப்பு சின்ன வயதிலேயே பழகாவிட்டால் வராது. எறிகிற வேகம் அப்படி இல்லை. அது உடம்பிலேயே இருக்கும், மிச்சத்தைச் சொல்லிக்கொடுக்கலாம் என்பது அவர்கள் கணக்கு. நம் வேகப்பந்து வீச்சாளனுக்கு முழங்கை 15 டிகிரிக்கு மேல் நீண்டால் தப்பு. பேஸ்பால் எறிக்கு முழங்கை நன்றாக மடங்கி விரிய வேண்டும். அதனால் பந்து வீசுகிறவனைவிட ஈட்டிக்காரனும் பவுண்டரியில் நிற்கிறவனும் அவர்களுக்கு வாகு. கிரிக்கெட் பந்து 156 கிராமுக்குக் குறையாது. பேஸ்பால் 142 முதல் 149 கிராம்தான், சுற்றளவில் மட்டும் கொஞ்சம் பெரிது. கையில் வாங்கியதும் பையனுக்கு இலேசாகத் தெரியும், அதனால் இன்னும் ஓங்கி எறியத் தோன்றும். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

பணம் வரும் வழி இது. அமெரிக்கா, கனடா, புவெர்ட்டோ ரிக்கோவில் இருக்கிற பையன்களை டிராஃப்ட் முறையில், அதாவது அணிகள் ஒன்றன்பின் ஒன்றாக முறை வைத்து, எடுக்கிறார்கள். மற்ற நாட்டுப் பையன்களோடு அணிகள் நேரடியாக ஒப்பந்தம் போடலாம், 16 வயது ஆகியிருந்தால் போதும். ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 15-ல் இந்தக் கதவு திறக்கிறது. கையெழுத்துப் போடும்போது தரும் தொகைக்கு அணிக்கு இவ்வளவு என்று மொத்த உச்சவரம்பு உண்டு. கரீபியன் கடல் நாடான டொமினிக்கன் குடியரசைச் சேர்ந்த ஆட்டக்காரர் ஹுவான் சோட்டோவுக்கு 2015-ல் 15 லட்சம் டாலர் கிடைத்தது. அதே மனிதர் 2024 டிசம்பரில் நியூயார்க் மெட்ஸ் அணியோடு 15 ஆண்டுக்கு 76.5 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டார். வருகிற ஆட்கள் உங்களிடம் போனைத் திறந்து காட்டப்போவது இந்தச் சேதியைத்தான். வெனிசுவேலாவின் ஹோசே அல்ட்டூவே 2007-ல் வெறும் 15 ஆயிரம் டாலருக்குக் கையெழுத்துப் போட்டவர் என்பதையும், ஒப்பந்தம் போடும் வெளிநாட்டுப் பையன்களில் மேஜர் லீக் வரை போகிறவர்கள் நூற்றுக்கு மிகச் சிலரே என்பதையும் காட்டமாட்டார்கள்.

டொமினிக்கன் குடியரசில் மேஜர் லீகின் 30 அணிகளுக்கும் அகாடமி இருக்கிறது. அந்த அகாடமிக்கும் பையன் வீட்டுக்கும் நடுவே ஒருவர் நிற்கிறார். அங்கே அவரை புஸ்கோன் என்பார்கள். பையனைச் சின்ன வயதிலேயே கண்டுபிடித்து, சோறு போட்டு, தங்க இடம் கொடுத்து, பழக்கி, அணிகளுக்குக் காட்டுவது அவர் வேலை. ஒப்பந்தம் ஆனால் தொகையில் 30 சதவீதம், சில சமயம் அதற்கும் மேலே எடுத்துக்கொள்வார். அவர்களில் பையனைப் பிள்ளை மாதிரி வளர்த்தவர்களும் உண்டு, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் 16 வயதுக் கதவு திறக்கும் முன்பே, 12, 13 வயதுப் பையனுக்கு அணி ஆட்களோடு வாய்ப்பேச்சில் விலை முடிவாகிவிடுகிறது. அந்தப் பேச்சை நம்பிக் குடும்பம் கடன் வாங்குகிறது. பையன் பள்ளிக்கூடத்தை விடுகிறான். பிறகு தோள் வலித்தாலோ, உயரம் கூடாமல் நின்றாலோ, அணியில் ஆள் மாறினாலோ, வாய்ப்பேச்சு காற்றோடு போகும். கடன் மட்டும் வீட்டில் இருக்கும். அணிகளின் மேல்மட்டத்திலும் நேர்மை கெட்டிருந்ததற்கு 2017-ல் அட்லாண்டா பிரேவ்ஸ் அணியில் நடந்ததே சாட்சி. வெளிநாட்டுப் பையன்களை எடுத்ததில் விதிகளை மீறியதற்காக லீக் அந்த அணியின் பொது மேலாளராக இருந்தவரைத் தடைசெய்து, 13 பையன்களின் ஒப்பந்தத்தையும் ரத்து செய்தது.

நம் ஊரில் அந்த நடு ஆள் யாராக இருப்பார்? வேறு யாரையும் தேட வேண்டாம். நாம்தான்.

உசிலம்பட்டி, செல்லம்பட்டி, சேடப்பட்டிப் பக்கம் வேலை பார்த்தவர்களுக்கு முறுக்குக் கம்பெனி என்றால் என்னவென்று நான் விளக்க வேண்டியதில்லை. ஏஜென்ட் வீடு தேடி வருவார். பிள்ளையின் அப்பா கையில் முன்பணம் கொடுப்பார். அக்காவுக்குக் கல்யாணமாக இருக்கும், மழை பொய்த்த வருஷமாக இருக்கும், ஆஸ்பத்திரிச் செலவாக இருக்கும். ஆறாவது ஏழாவது படித்த பையன் மராட்டியத்துக்கோ குஜராத்துக்கோ ஆந்திராவுக்கோ ரயிலேறுவான். விடியுமுன் எழுந்து மாவு பிசைந்து, நாள் முழுக்கக் கொதிக்கிற எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில் நின்று, ராத்திரி பொட்டலம் போட்டுவிட்டு அங்கேயே படுப்பான். வாங்கிய பணம் கழியும்வரை ஊர் திரும்ப முடியாது. மீட்டுக் கூட்டிவந்த பையன்களை மறுபடி வகுப்பில் உட்காரவைத்தவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். பி.இ.டி. பீரியடில் அவர்களை ஓடச் சொன்னால், ஓடுவதா நிற்பதா என்று நம் முகத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பார்கள். கை நீட்டச் சொன்னால் முன்கையில் எண்ணெய் தெறித்த தழும்பு தெரியும்.

விளையாட்டையும் கொத்தடிமை வேலையையும் ஒன்றாகப் பேசலாமா என்று சிலர் கேட்பீர்கள். வேலை வேறுதான். முன்பணம் செய்கிற காரியம் இரண்டிலும் ஒன்று. பணம் வீட்டுக்குள் வந்த நிமிஷத்திலிருந்து பையனால் "எனக்கு வேண்டாம், நான் வர்றேன்" என்று போனில் சொல்ல முடியாது. கை வலிக்கிறது என்றும் சொல்லமாட்டான். அப்பா வாங்கிய காசு அவன் வாயை அடைத்துவிடும்.

வலியைச் சொல்லாமல் எறிந்தால் என்ன ஆகும் என்பது நம் துறை, நாம் பேச வேண்டியது. முழங்கையின் உள்பக்கம் எலும்பையும் எலும்பையும் கட்டிப்பிடித்திருக்கும் தசைநார் ஓய்வில்லாத எறியில் கொஞ்சம் கொஞ்சமாக நைந்து கிழியும். 1974-ல் டாமி ஜான் என்ற வீச்சாளருக்கு முதன்முதலில் அதை மாற்றிவைத்து அறுவைச் சிகிச்சை செய்தார்கள், இன்றும் அவர் பெயரிலேயே அது நடக்கிறது. செய்துகொண்டவன் மறுபடி மைதானத்துக்கு வர ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு ஆகும். அமெரிக்காவில் தங்கள் பிள்ளைகளுக்கு அவர்களே கணக்கு வைத்திருக்கிறார்கள். 2014-ல் மேஜர் லீகும் அந்நாட்டு பேஸ்பால் அமைப்பும் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதல்படி 15, 16 வயதுப் பையன் ஒரு நாளில் 95 பந்துக்கு மேல் போட்டியில் வீசக்கூடாது. 75-ஐத் தாண்டினால் நான்கு நாள் ஓய்வு. ஆண்டில் நான்கு மாதமாவது போட்டியில் வீசவே கூடாது, அதில் இரண்டு மூன்று மாதம் தொடர்ச்சியாகத் தலைக்கு மேல் கை ஓங்கி எதையும் எறியக்கூடாது. அங்கே பிறந்த பையனுக்கு உள்ள இந்தக் கணக்கு கண்மாய்க்குள் எறிகிற நம் பையனுக்கு இல்லையா? யார் வந்து எறியச் சொன்னாலும் கையில் நோட்டும் பேனாவும் வைத்து எண்ணுங்கள். வார்ம்-அப் இல்லாமல் ஒரு பந்துகூட வேண்டாம். முழங்கையைத் தொட்டான் என்றால் அன்றைக்கு அவ்வளவுதான், எவ்வளவு பெரிய ஆள் வந்து நின்றாலும்.

உடம்பு பற்றி இன்னொன்று. 2011-ல் ஓர் அணியின் டொமினிக்கன் அகாடமியில் இருந்த 18 வயதுப் பையன் தலைவலி என்று படுத்து, மூளைத் தொற்று முற்றி இறந்துபோனான். சம்பளம் பற்றியும் நினைவில் வையுங்கள். அமெரிக்காவில் கீழ்நிலை லீக் ஆட்டக்காரர்கள் சங்கம் சேர்ந்த பிறகு, 2023-ல் அடிமட்டத்து ஆண்டுச் சம்பளம் 4,800 டாலரிலிருந்து 19,800 டாலருக்கு ஏறியது. டொமினிக்கன் கோடை லீகில் ஆடுகிற பையன்கள் அந்த ஒப்பந்தத்துக்குள் வரவில்லை. நம் பையனை எந்த நாட்டுக்கு, எந்த லீகுக்கு அனுப்புகிறார்கள் என்று கேட்காமல் "அமெரிக்கா" என்ற ஒரு சொல்லிலேயே திருப்தியாகிவிடாதீர்கள்.

வயது விஷயத்தை ஒளிக்காமல் பேசுவோம். ஜூனியர் போட்டிகளில் வயதைக் குறைத்துப் போடுவது நம் நாட்டில் எவ்வளவு பழகிப்போயிற்று என்றால், கிரிக்கெட் வாரியம் எலும்பைப் படமெடுத்து வயது பார்க்க வேண்டி வந்தது. 16 வயதுக்கு விலை அதிகம் என்று தெரிந்தால் 19-ஐ 16 ஆக்கித் தரச் சொல்லி நம்மிடம்தான் வருவார்கள். 2006-ல் 16 வயது என்று 14 லட்சம் டாலருக்கு வாஷிங்டன் அணி எடுத்த ஒரு டொமினிக்கன் பையனுக்கு உண்மையில் 20 வயது, பெயரும் வேறு என்று 2009-ல் தெரியவந்தது. மாட்டிக்கொண்டால் பையனின் வாழ்க்கையில் கறுப்புப் புள்ளி விழும். சான்றிதழில் கையெழுத்துப் போட்டவர் தப்பிக்கலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

சரி, என்னதான் செய்ய வேண்டும் என்கிறாய் என்று கேட்பீர்கள். நான் கேட்பது முதலில் இது: யாரிடமும் கமிஷன் வாங்கமாட்டோம் என்று நாம் எல்லோரும் சேர்ந்து வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ஷூ, பந்து, கிட் என்று பள்ளிக்குத் தருவதானால் தலைமையாசிரியர் பெயரில் ரசீதோடு வரட்டும். நம் பாக்கெட்டுக்கு ஒரு ரூபாயும் வேண்டாம். பணம் வாங்கிய பிறகு பையனுக்காகப் பேச நமக்கு வாய் இருக்காது. பெற்றோர் சம்மதம் இல்லாமல் பையனின் பெயரையும் போன் நம்பரையும் கொடுக்கவும் கூடாது.

அடுத்தது, 18 வயது நிரம்பி, பிளஸ் டூ முடித்த பிறகே எந்தப் பையனும் போக வேண்டும். அதற்குள் வாய்ப்புப் போய்விடும் என்று பயமுறுத்துவார்கள். பயப்படாதீர்கள். ஃப்ராம்பர் வால்டெஸ் என்ற டொமினிக்கன் வீச்சாளரை ஹூஸ்டன் அணி 2015-ல் எடுத்தபோது அவருக்கு 21 வயது, தொகை 10 ஆயிரம் டாலர். 2022-ல் அந்த அணி மேஜர் லீகின் இறுதிப் பட்டமான உலகத் தொடரை வென்றபோது முதல் வரிசை வீச்சாளர்களில் அவர் ஒருவர். வேகம் உள்ள தோள் இரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் இருந்தால் கெட்டுப்போகாது. நம் சட்டமும் இந்தப் பக்கம்தான் நிற்கிறது. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி 18 நிரம்பாதவன் போடும் ஒப்பந்தம் இங்கே செல்லாது. அன்றைக்கு மேல்முறையீட்டின் கடைசி மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் 1903-லேயே அதை உறுதிசெய்துவிட்டது. 18 வயதுக்குள் இருக்கும் பையனிடம் "சும்மா ஒரு கையெழுத்து" என்று எவராவது தாளை நீட்டினால் அந்தத் தாளை வாங்கி வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிடுங்கள்.

தாள் என்றால் தமிழில் இருக்க வேண்டும். பையனின் அம்மா வாசித்தோ, வாசிக்கக் கேட்டோ புரிந்துகொள்ளும் தமிழில். கை உடைந்தால் சிகிச்சைச் செலவு யாருடையது, விடுவித்தால் விமான டிக்கெட் யார் எடுப்பது, எத்தனை ஆண்டுக்குக் கட்டுப்படுகிறான், அணிக்கு மட்டும் எப்போது வேண்டுமானாலும் விலக்க உரிமை இருக்கிறதா, நடுவில் இருப்பவருக்கு எவ்வளவு போகிறது, வாரத்துக்கு எத்தனை முறை வீட்டுக்குப் பேசலாம். மதுரை நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. இலவசமாக ஆலோசனை சொல்வார்கள். காசு கொடுத்து வக்கீல் பிடிக்க முடியாத வீட்டுக்காகத்தான் அது இருக்கிறது. கூட்டிப் போங்கள். குழந்தையைக் கடத்துவதுபோல் எங்கேயாவது தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அடிக்கத் தயங்காதீர்கள்.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்கு சக்கிமங்கலத்தைச் சொல்கிறேன். தாய் தகப்பனை இழந்து, கூலி வேலை பார்த்த பாட்டி ஆரம்மாள் வளர்த்த ரேவதி வெறுங்காலோடு ஓடியதைப் பயிற்சியாளர் கண்ணன் பார்த்தார். பாட்டியிடம் பேசிச் சம்மதிக்க வைத்தார். லேடி டோக் கல்லூரியில் இடம் வாங்கிக்கொடுத்து, விடுதியில் சேர்த்து, படிப்பும் ஓட்டமும் சேர்ந்தே நடக்கும்படி செய்தார். ரேவதிக்கு தெற்கு ரயில்வேயில் வேலை கிடைத்தது. 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக் தொடர் ஓட்டத்தில் நாட்டுக்காக ஓடினார். அந்தப் பாட்டியிடம் யாரும் முன்பணம் கொடுக்கவில்லை.

அரசுக்கும் ஒரு வரி. விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் தேர்வு முகாம் நடத்த வருகிறவர்களைப் பதிவுசெய்யச் சொல்லி ஓர் உத்தரவு போட்டால் பாதி ஆட்கள் தானே விலகிவிடுவார்கள். மாவட்ட உடற்கல்வி ஆய்வாளர் அனுமதி இல்லாமல் பள்ளி மைதானத்தில் யாரும் வேகம் அளக்கக்கூடாது என்று சுற்றறிக்கை வர வேண்டும். கேட்டு மனு எழுதியிருக்கிறேன், உங்கள் கையெழுத்தும் வேண்டும்.

குறுவட்டப் போட்டிகள் தொடங்கும் முன் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் கூடுவோம். மேலூர், வாடிப்பட்டி, பேரையூர், கள்ளிக்குடிக்காரர்கள் பஸ்ஸுக்கு நேரம் பார்த்துச் சொல்லுங்கள், அதற்குத் தக்கபடி வைத்துக்கொள்ளலாம். தனியார் பள்ளி, அரசுப் பள்ளி என்று பிரிக்காமல் வாருங்கள். உங்கள் பள்ளியில் நன்றாக எறிகிற பையன்களின் அம்மாக்களில் இரண்டு பேரையாவது கூட்டி வாருங்கள். கமிஷன் வாங்கமாட்டோம் என்ற தீர்மானத்தை அவர்கள் முன்னாலேயே வாசித்துக் கையெழுத்துப் போடுவோம். தீர்மானத்தின் நகலை அன்றைக்கே ஆளுக்கொன்று தருகிறேன், பி.இ.டி. அறைக் கதவில் வெளிப்பக்கமாக ஒட்டுங்கள்.

தோழமையுடன்,
பணி ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
உசிலம்பட்டி வட்டம், மதுரை மாவட்டம்